கருப்புக் குதிரைக்காரன்

1926 நவம்பர் 3

மூன்று நாளாய் மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பெண்கள் பக்கம் ஏழு கட்டிலும் நிறைந்துவிட்டன. இவர் மருந்துப் பெட்டி எடுக்க லாயாங் லாயாங் ரயில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸருக்குப் பெண்சாதி என்றால் பாதி டிரஸ்ஸர். கஞ்சி, காய்ச்சலுக்குக் கொய்னா எல்லாம் நான்தான்.

கருப்பாயிக்குப் பிறந்த பிள்ளை போன வாரம் இறந்துபோனது. இதோடு மூன்று பிள்ளை போய்விட்டது. அவளுக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை. பிள்ளையை முழுங்கினவள் என்று மற்றப் பெண்கள் அவள் பக்கம் திரும்புவதும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் சந்திரமதி, பத்து நாள் பச்சைக் குழந்தையோடு. எனக்கே ஏனோ பயமாய் இருந்தது. கருப்பாயி கட்டிலைக் கதவோரம் தள்ளிப் போடச் சொன்னேன்.

இவர் வந்து பார்த்துவிட்டு, "காய்ச்சல் தொத்தும் எண்டு தள்ளினீரோ, வேறை ஏதும் எண்டோ?" என்று கேட்டார். நான் கஞ்சிப் பானையை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

நவம்பர் 5

சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரைசாணி விட்டுச்சென்ற இங்கிலீஷ் நாவல் ஒன்று கைக்கு வந்தது. அட்டை போய்விட்டது. போன மகாராணி காலத்துப் பழைய கதை. சாப்பாட்டுக்குப் பிறகு வார்டில் உட்கார்ந்து தமிழில் சொன்னேன். கதாநாயகிக்குப் பொன் தலைமயிர், வெள்ளை உடுப்பு, கையில் வெள்ளைப் பூ. நல்லவள் என்று பார்த்ததும் தெரியவேண்டுமே!

"வெள்ளை கட்டியிருக்காங்களே, தாலி அறுத்தவங்களா?" என்று வெள்ளையம்மா கேட்டாள். காலில் புண்ணோடு படுத்திருக்கும் கிழவி. எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

நவம்பர் 6

சந்திரமதிக்குக் காய்ச்சலில் பால் வற்றிவிட்டது. டின் பாலைக் குழந்தை கக்குகிறது.

நவம்பர் 8

இன்று வில்லன் வந்தான். அந்திநேரம், சதுப்பு நிலம், கருப்புக் குதிரை, கருப்பு அங்கி, பின்னால் ஒரு கருப்பு நாய். தலைக்கு மேல் காக்கை. பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிமார் சொல்லித்தந்தது அப்படியே இருந்தது: ஒளி தேவனுடையது, இருள் சாத்தானுடையது. குரலைத் தாழ்த்திப் பயமுறுத்துவது போலச் சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தால் வெள்ளையம்மா கைகூப்பிக்கொண்டிருக்கிறாள்! ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.

"நம்ம கருப்பசாமிதாங்கம்மா. அங்கயும் காவலுக்குப் போயிருக்காரு."

"இல்லை, இவன் கெட்டவன்" என்றேன்.

"நம்ம சாமிக்குக் குதிரை வெள்ளை, இவருக்குக் கருப்பு. அம்புட்டுதானே!"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த முகங்கள் - கோயிலில் திரை விலகியது போல. நான் எந்தப் புத்தகத்துக்கு முன்னாலும் அப்படி இருந்ததில்லை. என் முழங்கை மயிரெல்லாம் சிலிர்த்தது. ஏன்? நான் சாத்தான் என்று சொன்னவனுக்கா?

நவம்பர் 9

மணி பதினொன்றாகிவிட்டது. ஆனாலும் எழுதிவிடவேண்டும்.

குழந்தை அழுவதைக்கூட நிறுத்திவிட்டது. "இண்டைக்கோ நாளைக்கோ" என்று இவர் காலையிலேயே மெதுவாய்ச் சொல்லிவிட்டார். கதை வேண்டாம் என்றுதான் இருந்தேன். சந்திரமதியே, "சொல்லுங்கம்மா, சும்மா இருந்தா பைத்தியம் புடிச்சிரும்" என்றாள்.

குதிரைக்காரன் அந்த வீட்டுக்குள் புகுந்து தொட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் இடம். இந்த நேரத்தில் அதுவா வரவேண்டும்! பாதியில் நிறுத்திவிட்டேன்.

"அவரு எதுக்குப் புள்ளையத் தூக்கிட்டுப் போனாரு?" என்றாள் சந்திரமதி.

நான் பக்கத்தைப் புரட்டித் தேடினேன். கதவோரத்திலிருந்து பதில் வந்தது. கருப்பாயி. ஆறு நாளாய் வாய் திறக்காதவள்.

"இங்க இருந்தா தங்காதுன்னு தெரிஞ்சிருக்கும். எங்கயாச்சும் பொழைக்கட்டும்னு தூக்கியிருப்பாரு."

எல்லோரும் கதவோரம் திரும்பினார்கள். கருப்பாயியின் சேலை நெஞ்சருகில் நனைந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அந்தப் பால் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் போயிருக்கிறது. நான்தானே கட்டிலைத் தள்ளினேன், பாவி.

சந்திரமதி குழந்தையை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினாள்.

"அப்ப நீ எடுத்துக்கக்கா."

கருப்பாயி எழுந்து வந்தாள். மருந்து அலமாரி பக்கம் நின்ற இவரைப் பார்த்தேன். "அவவுக்குக் காய்ச்சல் முந்தநாளே விட்டிட்டுது" என்று தலையாட்டினார். குழந்தை முதலில் வாயைத் திருப்பிக்கொண்டது. பிறகு பிடித்தது. வார்டு முழுக்க அது விழுங்கும் சத்தம் கேட்டது. ஆண்டவரே! ஞானஸ்நானத்தில்கூட நான் இப்படி நடுங்கியதில்லை.

நவம்பர் 10

மூன்று தடவை குடித்தது. கக்கவில்லை. கட்டிலை நானே இழுத்துப் பழைய இடத்தில் போட்டேன். கருப்பாயியிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவள் கட்டிலின் மறுபக்கத்தைப் பிடித்து எனக்கு உதவினாள்.

நவம்பர் 14

புத்தகம் முடிந்தது. குதிரைக்காரன் சதுப்பில் அமிழ்ந்து சாகிறான். வானத்தில் வெள்ளைப் புறாக்கள். குழந்தை ஓர் இடையன் குடிசையில் கொழுகொழுவென்று கிடைக்கிறது. மாற்றிச் சொல்லலாமா என்று காலையெல்லாம் யோசித்தேன். மனசாட்சி விடவில்லை. உள்ளபடியே சொன்னேன்.

வெள்ளையம்மா புண்காலை நகர்த்தி எழுந்து உட்கார்ந்தாள்.

"புள்ள நல்லா இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப காப்பாத்தினது யாரு? எழுதினவனுக்கு வெளங்கல, பாவம்."

எழுதினவனுக்கே விளங்கவில்லையாம்! சிரிக்கத்தான் வாயெடுத்தேன், சிரிப்பு வரவில்லை. இங்கிலீஷில் முதல் பரிசு வாங்கியவள் நான். அவன் காட்டிய நிறத்தையெல்லாம் நம்பிக்கொண்டே வந்தேன். இவர்கள் குழந்தையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

நவம்பர் 20

நாளை கருப்பாயியும் சந்திரமதியும் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்புகிறார்கள். ஒரே வீட்டில் இருக்கப்போகிறார்களாம். பிள்ளைக்கு இரண்டு பேரும் வேண்டுமே.

மத்தியானம் அடுத்த கதை கேட்டார்கள். என் துணிப்பெட்டியில் வேறு இரண்டு இங்கிலீஷ் நாவல் இருக்கின்றன. எடுக்கவில்லை. கருப்பாயி கட்டிலில் போய் உட்கார்ந்து, "உங்கள் சாமி கதையைச் சொல்" என்றேன். முதலில் வெட்கப்பட்டாள். பிறகு சொன்னாள் - ஊர் எல்லைக்கு அவர் வருவதை, குதிரையின் சலங்கையை, கையில் அரிவாளை. நடுவில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"பயமா இருக்காம்மா?"

"இருக்கு."

"இருக்கணும். கிட்ட வந்துட்டாருன்னு அர்த்தம்."

குழந்தை அவள் மடியிலேயே தூங்கிவிட்டது. மருந்து கொடுக்கும் மணி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.