வழி தெரிந்த இரண்டாவது ஆள்

மேடம்,

இன்று காலை ஆபீசில் என் மானம் போனது. வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் வழி நோட்டைப் புது டிரைவரிடம் கொடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன். "அண்ணே, முருங்கைமரத்து வீடுன்னு எழுதியிருக்கீங்க. தெருவுலயே முருங்கைமரம் இல்லையே?" போன புயலில் விழுந்த மரம். என் நோட்டில் மட்டும் இன்னும் காய்த்துக்கொண்டிருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் முதல் சிரிப்பு உங்களுடையதுதான்.

அந்த நோட்டே உங்களால் வந்தது. என்னைவிடப் பத்து வயது சின்னவர் நீங்கள். ஆபீசுக்குப் பொறுப்பாக வந்த வாரமே, "ஒவ்வொரு வேலையும் ரெண்டு பேருக்குத் தெரியணும் அண்ணே. ரெண்டு பேரும் வேற வேற ஊரா இருக்கணும்" என்றீர்கள். நான் எட்டாவதோடு நின்றவன், வேனில் ஏறினால் மட்டும் ராஜா. "எல்லாம் மண்டையில இருக்கு மேடம்" என்றேன்.

"சாயங்காலம் மண்டையை ஆபீஸ்ல வெச்சுட்டுப் போவீங்களா?"

பிறகு சுருக்குமடி வலைச் சண்டை வந்தது. எங்கள் ஊரும் வடக்கே உள்ள ஊரும் கடலில் மோதியது கரைக்கும் ஏறியது. ரோட்டின் குறுக்கே படகுகளை இழுத்துப் போட்டார்கள். எங்கள் ஊர்க்காரன் எவனும் அங்கே கால் வைக்க முடியாது. அங்கேதான் நாம் மாத்திரை கொடுத்துவந்த செல்வி இருந்தாள். வலிப்பு மாத்திரை மறுநாளோடு தீர்ந்துவிடும். நிறுத்தினால் வலிப்பு திரும்பும். அந்த ஊரில் ஐந்து செல்விகள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் என்பதால் தெருவில் விசாரிக்கவும் கூடாது. வீடு எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் திட்டவில்லை. கரையோரமாகவே நடந்து நம் ஆபீஸ் வேலைக்கு வந்திருந்த அந்த ஊர் லட்சுமியக்காவை உட்காரவைத்து, என் கையில் சாக்பீசைக் கொடுத்தீர்கள். தரையில் தெருவைப் போட்டேன்.

"நாய் கட்டியிருக்கிற வீட்டுக்கு அடுத்தது."

"எந்த நாய்?"

"குரைக்காத நாய்."

"குரைக்கலைன்னா நாய்கிட்டயே பேர் கேட்டுக்கவா?" என்றார் லட்சுமியக்கா. அந்த நிலைமையிலும் சிரித்தோம். மாத்திரையை மீன்கூடைக்குள் வைத்து எடுத்துப் போனார்.

மறுநாள் காலை வந்து சொன்னார்: "குடுத்துட்டேன். அந்தப் பொண்ணு வெறும் அட்டையைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்லயே உக்காந்திருந்துச்சு."

சண்டை ஓயும்வரை அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒரு வீடும் விடுபடவில்லை. ஓய்ந்த பிறகு, புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொடுக்கும் வேலையை என்னிடமே கொடுத்தீர்கள்.

போன வருஷம் உங்களை மயானத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்த மறுநாளும் ஆபீஸ் திறந்தது. உங்கள் வேலையும் இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்குத்தான் நீங்கள் கட்டிவைத்தது என்னவென்று எனக்கு முழுசாகப் புரிந்தது. கும்பிட நீங்கள்தான் எதிரில் இல்லை.

ஏன் எழுதிவைக்கவில்லை என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. சோம்பல் என்று நினைத்திருப்பீர்கள். சோம்பல் இல்லை மேடம். இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். வழி இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டால் என்னை நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன்.