வாப்பாவுக்கு எத்தனை தொழுகை?

என் உயிருக்கு உயிரான நானாவுக்கு, ஸலாம்.

சண்டை போடத்தான் எழுதுகிறேன். நீங்கள் மௌத்தாகி இரண்டு வருடம் ஆகப்போகிறது, என் கோபம் இன்னும் ஆறவில்லை. கூடப்பிறந்த ஒரே அண்ணன், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே போய்விட்டீர்கள். உங்கள் கட்சி ஆட்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

கிள்ளானில் மறுபடியும் தேர்தல் வந்துவிட்டது. விளக்குக் கம்பம் தவறாமல் கொடி கட்டியிருக்கிறார்கள். போன வாரம் உங்கள் ஆட்கள் நாலு பேர் வந்து, போஸ்டரில் போட உங்கள் போட்டோவைக் கேட்டார்கள். மறுநாள் ஆளுங்கட்சிக்காரர் பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்தார். இரண்டு கூட்டமும் என் முன்னால் ஓதிக் காட்டியது குர்ஆனின் ஒரே ஆயத்தைத்தான், நானா!

"இந்த வீட்டுல குர்ஆனும் இருக்கு, ஓட்டுப் போடுற ஐசி கார்டும் இருக்கு. ரெண்டும் வேற வேற அலமாரியில இருக்கு. போயிட்டு வாங்க லா" என்று இரண்டு கூட்டத்தையும் அனுப்பிவிட்டேன். தமிழ்ப்பள்ளியில் பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளை அதட்டிய தொண்டை, நன்றாகவே வேலை செய்தது.

பண்டமாரான் திடலில் நடந்த உங்கள் கட்சியின் அந்தச் செராமாப் பிரசாரக் கூட்டம் நினைவிருக்கிறதா? நீங்கள்தான் வாப்பாவை வற்புறுத்தி அழைத்துப் போனீர்கள். மேடையில் இருந்தவர் மலாயில், உங்கள் உண்டியை அல்லாவின் கட்சிக்குக் கொடுங்கள், அது இறைவன் உங்களிடம் ஒப்படைத்த அமானிதம் என்று முழங்கினார். வாப்பா பாதியிலேயே எழுந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். நேரே, அவர் இமாமாக நின்று தொழவைக்கும் சின்னப் பள்ளிவாசலான நம் சுராவுக்குப் போய், காணிக்கை போடும் பச்சைத் தகர உண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

"சுராவ் உண்டியக் கட்சிக்குக் கேக்குறானுங்கம்மா. நான் உசுரோட இருக்குற வரைக்கும் குடுப்பேனா?"

நாற்பது வருடம் கிள்ளான் பாசாரில் கோழி அறுத்து விற்றவருக்கு, மலாயில் ஓட்டுக்குத்தான் உண்டி என்று பெயர் என்பது தெரியவில்லை. கோழி விற்கிற அளவுக்குத்தான் அவருடைய மலாய். பின்னாலேயே வந்த நீங்கள் விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். இந்த வீட்டில் நீங்கள் சிரித்தது அதுதான் கடைசி.

நீங்கள் விளக்கிச் சொன்னதும் வாப்பா கேட்டது ஒரே கேள்வி. "அல்லாவுக்கு எதுக்குடா ஓட்டு? அவன் என்ன தேர்தல்லயா நிக்கிறான்?"

"மார்க்கத்தக் கேலி பண்றீங்க வாப்பா. இப்படிப் பேசுறவன் பின்னாடி நின்னு தொழக் கூடாதுன்னு எங்க உஸ்தாத் சொல்றாரு."

அதே மாதம் ஆளுங்கட்சி ஆள் சுராவுக்குப் புதுக் கம்பளம் விரித்துவிட்டுப் போனார். வாப்பா அதை வாங்கியிருக்கக் கூடாது. அவரிடமும் அன்றைக்கே சொன்னேன். எந்தக் கட்சியிலும் இல்லாத மனிதர் ஒரு கம்பளத்தால் கட்சிக்காரர் ஆகிவிட்டார். அந்தக் கம்பளக்காரர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? உங்கள் மகன் கூட்டம் வழிகெட்ட கூட்டம் என்று ஜனங்களுக்கு முன்னால் சொல்லுங்கள் என்று வாப்பாவைப் பிடுங்கி எடுத்தார்கள். அவர் சொல்லவில்லை. அது உங்களுக்குத் தெரியுமா?

நீங்கள் என்ன செய்தீர்கள்? வாப்பா தொழவைத்து முடிக்கும்வரை வெளியே நின்றுவிட்டு, உங்கள் ஆட்களோடு உள்ளே வந்து, கம்பளத்தைச் சுருட்டி வைத்துவிட்டுத் தனியாகத் தொழுதீர்கள். ஒரு வேளைக்கு இரண்டு இமாம். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா என்னிடம், "ஏம்மா, ஒங்க சுராவ்ல ஒரே நேரத்துக்கு ரெண்டு தடவ பாங்கு கேக்குது, கடிகாரம் ஏதும் கெட்டுப் போச்சா?" என்று கேட்டார். வெட்கத்தில், ஆமாம் அக்கா என்று சொல்லிவைத்தேன்.

பெருநாளன்று வாப்பா அறுத்த கோழி என்று தெரிந்ததும் தட்டைத் தள்ளினீர்கள் பாருங்கள், அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பிஸ்மி சொல்லி அறுத்த கை அது. உங்கள் கல்யாணச் சோற்றுக்கும் அந்தக் கைதான் அறுத்தது. அன்றைக்கு ஹலால், கட்சி மாறியதும் ஹராமா?

நீங்கள் சொன்ன அநியாயங்கள் பொய் என்று நான் சொல்லமாட்டேன். துறைமுகத்தில் சாமான் தூக்கியவர், மேலே இருப்பவர்கள் அடித்த கொள்ளையைக் கண்ணால் பார்த்தவர். அதைத் தட்டிக் கேட்கத்தானே கட்சிக்குப் போனீர்கள்? அப்படிப் போன மனுஷன் கடைசியில் வாப்பாவின் கோழியில் வந்து ஏன் நின்றீர்கள்? ஓட்டுக் கேட்டு வருகிறவனைத் திட்டலாம், அடுத்த முறை தோற்கடிக்கலாம். அவன் அல்லாவின் பேரைச் சொல்லி வந்துவிட்டால் யார் வாய் திறப்பது? இதைத்தான் கேட்டேன். பொம்பளைக்கு அரசியல் எதுக்கு என்றீர்கள்.

பிறகு ஒருநாள் வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள்.

நான்கு வருடமாக வாப்பாவின் பின்னால் நிற்கமாட்டேன் என்றீர்களே, உங்களை அடக்கும் முன் நடந்த ஜனாஸாத் தொழுகையில் என்ன நடந்தது தெரியுமா? மய்யித்தை முன்னால் வைத்து இமாம் அதற்குப் பின்னால்தானே நிற்பார். நீங்கள் முன்னால், வாப்பா உங்களுக்குப் பின்னால். முதல் தக்பீருக்கு அல்லாஹு அக்பர் சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் இருந்த எனக்குக் கேட்டது.

உங்கள் ஆட்கள் அப்போதும் உள்ளே வரவில்லை. வாப்பா முடித்ததும் வந்து, அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, உங்களுக்கு இரண்டாவது முறை தொழுதார்கள். பெற்ற மகனின் சந்தூக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார் வாப்பா. அந்தக் கோலத்தை நீங்கள் பார்த்திருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள்.

இப்போது வாப்பா படுத்த படுக்கை. டாக்டர் கையை விரித்துவிட்டார். நேற்று கஞ்சி ஊட்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எனக்கு எத்தன தொழுகைம்மா? ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான் வாப்பா" என்றேன்.

ஓட்டுப் போடப் போவேன். யாருக்கு என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன். திரும்பி வரும் வழியில் சுராவ் உண்டியிலும் போடுவேன். எதை எந்தப் பெட்டியில் போடுவது என்று எனக்குத் தெரியும். உங்கள் போட்டோவை யாருக்கும் தரமாட்டேன்.

வாப்பாவின் ஜனாஸா அன்று சுராவ் வாசலில் நான் நிற்பேன். பொம்பளை நிற்கக் கூடாது என்று யாராவது சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன். உங்கள் ஆட்களும் கம்பளக்காரர்களும் ஒரே வரிசையில் நின்றால் உள்ளே போகலாம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். ஒரே தொழுகை. என் வாக்கை நான் எந்தக் கட்சிக்கும் கொடுக்கவில்லை நானா, வாப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்னும் கோபத்தோடு இருக்கும்,
உங்கள் ஒரே தங்கச்சி
மைமூன்