அம்மா கேட்ட முகில்

டோர்ட்மண்ட்
18.8.2007

அன்புள்ள எவ்லின் அக்கா,

எல்லோரும் நித்திரை. கணினி வெளிச்சம் வெளியே தெரியாமல் கதவின் அடியில் துவாயை அடைத்துவிட்டு எழுதுகிறேன். நீங்கள் பிரேமனில் பரீட்சைக்குப் படிப்பதாகத்தான் அம்மாவும் அப்பாவும் இன்னும் நம்புகிறார்கள். நீங்கள் வடதுருவத்துக் கப்பலில் நிற்பது எனக்கு மட்டும் தெரியும். அதுவே பெரிய பாரம்.

எந்த வருடமும் இப்படிப் பனிக்கட்டி உருகியதில்லை என்று இன்று செய்தியில் சொன்னார்கள். “பாவம், கரடியள்” என்றார் அப்பா. நான் குசினிக்குள் போய் அழுதேன். கப்பலை விட்டு நீங்கள் இறங்கி நிற்கும் பனிக்கட்டி உடையாதா? இங்கே கோடை முழுக்க மழை. அங்கே மட்டும் ஏன் வெயில்?

பயத்துடன்,
தங்கை ஜெசிந்தா

கப்பலிலிருந்து
20.8.2007

என் செல்லத் தங்கச்சி,

நாங்கள் வேலை செய்யும் பனிக்கட்டி நல்ல தடிப்பு. பயப்படாதே.

பனிக்கட்டி வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். அதற்கு மேலே வரும் முகில் போர்வை மாதிரி, சூட்டை வெளியே விடாது. கடல் கறுப்பு, வெயிலைக் குடித்துவிடும். அதற்கு மேலே வரும் முகில் குடை. இந்தக் கோடையில் குடை விரியவில்லை. வெயில் நேரே கடலில் விழுகிறது. சூடான கடல் பக்கத்துப் பனியையும் உருக்குகிறது. வானத்தில் எவ்வளவு முகில் என்று பார்த்துப் பதிவதுதான் என் வேலை.

அம்மாவிடம் சொல்லிவிடாதே. மன்னாரிலிருந்து வள்ளத்தில் தப்பி வந்த பிறகு அவ கடற்கரைக்கே போனதில்லை. தெரிந்தால் இனி எந்தக் கப்பலிலும் என்னை ஏற விடமாட்டா.

அன்பு அக்கா,
எவ்லின்

டோர்ட்மண்ட்
26.8.2007

அன்புள்ள அக்கா,

கோபிக்காதீர்கள், சொல்லிவிட்டேன். நேற்று அம்மா புட்டும் கறியும் கட்டிக்கொண்டு உங்களைப் பார்க்க பிரேமனுக்கு வெளிக்கிட்டா. வேறு வழி இருக்கவில்லை.

“கடலிலையோ?” என்று மட்டும் கேட்டா. “ஓம்” என்று போர்வை, குடை எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாதான் கத்தினார்: “பொம்பிளைப்பிள்ளை தனியக் கப்பலிலையோ?”

அம்மா எழும்பினா. “அண்டைக்கு வள்ளத்திலை வரேக்கை முகில் நிலவை மறைச்சிராட்டி நேவி எங்களைக் கண்டிருக்கும். அவள் அப்ப என்ரை மடியிலை. முகிலின்ரை அருமை அவளுக்குத் தெரியாட்டி வேறை ஆருக்குத் தெரியும்?”

இன்று பூசையில் மன்றாட்டு நேரம் எல்லோரும் வெயில் கேட்டார்கள். அம்மா எழுந்து, “வடதுருவத்திலை முகில் வரவேணும். என்ரை மகள் அங்கை வேலை செய்யிறா” என்றா. கோயிலே திரும்பிப் பார்த்தது. பூசை முடிய பங்குச் சுவாமி, “இஞ்சை இருக்கிற முகில் போதாதோ?” என்று சிரித்தார். “அதை அங்கை அனுப்பச் சொல்லித்தான் கேக்கிறன் சுவாமி.”

அப்பா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். ஆனால் கனகலிங்கம் மாமாவிடம் போனில், “மூத்தவள் வடதுருவத்திலை நிக்கிறாள்” என்று சொன்னது வாசல்வரை கேட்டது.

இன்று துவாய் அடைக்கவில்லை. அம்மா பக்கத்தில் இருக்கிறா. அங்கே இப்போது வானம் எப்படி என்று கேட்கச் சொல்கிறா.

ஜெசிந்தா