பெல்லட்டைத் துப்பும் விரால்கள்

ஜூன் 4

இன்றும் துப்பிவிட்டன. விரால் குஞ்சுகளுக்கு இவ்வளவு வாய்க்கொழுப்பு ஆகாது. கடையில் விற்கும் பெல்லட் என்ற குருணைத் தீவனத்தை வாயில் வாங்கி, ருசி பார்த்து, "இதெல்லாம் ஒரு சாப்பாடா" என்பதுபோல் துப்புகின்றன. அப்புறம் பக்கத்தில் நீந்தும் தம்பியைக் கடிக்கப் போகின்றன.

பக்கத்து வீட்டிலிருந்து என் வீட்டுக்காரருடைய அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தார். எதற்கெடுத்தாலும் தீர்ப்புச் சொல்வதால் அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஜட்ஜ்.

"தினமும் மீனை அரைச்சு மீனுக்கே போடுறீங்க. வீடு பூரா நாத்தம். மாசக் கடைசிக்குள்ள இதுங்க பெல்லட் சாப்பிடணும். இல்லேன்னா தொட்டியைக் காலி பண்ணிடுங்க. என் கார் வெயில்ல நிக்குது."

கார் நிறுத்தும் ஷெட் அவருடையது. ஆனால் மீன் வளர்க்கும் யோசனை என்னுடையது. நானாக ஆரம்பித்த முதல் காரியம். ஒரு காருக்காக விட்டுக்கொடுப்பேனா?

ஜூன் 7

அரைத்த மீனில் பெல்லட் தூளைப் பிசைந்து உருண்டை பிடிக்கிறேன். நேற்றைவிட மீன் கொஞ்சம் குறைவு, தூள் கொஞ்சம் அதிகம். ஏமாறுகிறோம் என்றே தெரியாமல் ஏமாற்ற வேண்டும். கல்யாணமானவர்களுக்கு இது கைவந்த கலை.

தினமும் அதே நேரம், அதே மூலை. நாற்றம் எல்லாத் துணியிலும் ஏறுவானேன் என்று பழைய மஞ்சள் நைட்டி ஒன்றை இந்த வேலைக்கே ஒதுக்கிவிட்டேன். "எலுமிச்சம்பழம் தொட்டிக்குள்ள விழுந்துடப் போகுது" என்கிறார் என் வீட்டுக்காரர். சிரிக்கட்டும்.

ஜூன் 11

குண்டன்கள் ரெண்டு பேரை வேறு தொட்டிக்கு மாற்றினேன். கூடப்பிறந்தவனை விழுங்கிவிட்டு என்ன ஒரு அப்பாவி முகம்.

ஜூன் 19

சாப்பிட்டுவிட்டன. மீனே கலக்காத வெறும் பெல்லட். ஒன்றைக்கூடத் துப்பவில்லை. நான் ஆடினேன். ஈரத்தரையில் ஆடக் கூடாதாம், டாக்டர் சொல்கிறார். கணுக்காலில் பெரிய கட்டு.

ஜூன் 20

நான் கட்டிலில். தீனி போடப் போனவர் வாடிய முகத்தோடு திரும்பினார். "ஒண்ணுகூடத் தொடலை."

"எங்க போட்டீங்க?"

"நீ சொன்ன மூலையிலதான்."

சாயங்காலமும் அதே கதை. அழுகை அழுகையாக வருகிறது. இத்தனை பாடுபட்டு — எல்லாம் போச்சா? ஏன்டா, என் உயிரை வாங்கத்தான் பொறந்தீங்களா?

ஜூன் 21

பொறுக்கவில்லை. வேலை நைட்டியை மாட்டிக்கொண்டு, இவர் தோளைப் பிடித்தபடி நொண்டிப் போய்த் தொட்டியோரம் நின்றேன். அவ்வளவுதான், மொத்தப் படையும் என் பக்கம் வந்து வாயைத் திறந்தது. இவர் நகர்ந்து போய் அந்த மூலையில் தீனியைத் தூவினார். ஒருத்தன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நைட்டியைக் கழற்றிவிட்டு வேறு உடுத்தி வந்தேன். என்னையும் கண்டுகொள்ளவில்லை.

அடப்பாவிகளா. நீங்க பழகினது பெல்லட்டுக்கு இல்ல, மஞ்சளுக்கு!

நைட்டியைக் கம்பில் தொங்கவிட்டால் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன. உள்ளே ஆள் இருக்க வேண்டும், குனிந்து கை வீச வேண்டும். சிட்டிகை சிட்டிகையாகத் தூவி முடிக்க அரைமணி நேரம் ஆகும். ஒற்றைக் காலில் என்னால் முடியாது. இவரைப் பார்த்தேன்.

"செத்தாலும் போட மாட்டேன்."

"அப்போ கார்தான் ஜெயிக்கும்ங்க."

போட்டுக்கொண்டார். மீன்கள் பாய்ந்ததில் தொட்டி கொதித்தது. சிரிப்பை அடக்கி அடக்கி விலா வலிக்கிறது.

ஜூன் 30

மத்தியானம் வருவதாகச் சொன்ன ஜட்ஜ் காலையிலேயே வந்துவிட்டார். இவர் மஞ்சளில், பாதித் தீனியில்.

"டேய், என்னடா கோலம் இது?"

இவர் ஒரு சிட்டிகை தூவினார். மீன்கள் மொய்த்துத் தின்றன. நான் நடந்ததைச் சொன்னேன். ஜட்ஜ் தொட்டியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"இதுங்க பெல்லட்டுக்குப் பழகிச்சு சரி. நீ எதுக்குடா பழகினே?"

காலி பண்ணு என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. போய்விட்டார்.

ஜூலை 6

கட்டுப் பிரிக்கப் போனோம். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஜட்ஜ் வந்தார். தீனி நேரத்துக்குள் திரும்பிவிடுவோம் என்று சொல்லியிருந்தோம். அடைமழை, ஒரு பஸ்ஸும் இல்லை. பசித்தால் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடுமே என்று வழியெல்லாம் எனக்குப் பதைப்பு.

வந்து சேர்ந்தபோது அவர் கார் வாசலில் நனைந்துகொண்டிருந்தது. ஆணியில் மாட்டியிருந்த நைட்டியைக் காணோம். ஷெட் கதவு உள்பக்கம் தாழ். தட்டினேன்.

"யாரும் உள்ள வராதீங்க. சாப்பிட்டுட்டு இருக்குதுங்க."

பிறகு தணிந்த குரல்.

"ஏம்மா, இது எனக்குத் தோள்ல பிடிக்குது. பெரிய சைஸ்ல ஒண்ணு தைச்சு வை."

நாளைக்கே போய் மஞ்சள் துணி எடுக்க வேண்டும்.