ஜெத்ரோவின் இன்சூரன்ஸும் என் மணிக்கட்டும்

லட்லோ
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் ஹெட்டிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மூன்று கையோடு நலமாக இருக்கிறோம், அதில் இரண்டு அவளுடையது. அங்கே டனீடினில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற சின்னதும் நல்லபடியாக இருக்கிறீர்களா. கால் வீக்கம் இறங்கியதா. எனக்கு உடைந்தது வலது மணிக்கட்டு, நான் இடதுகைக்காரன், அதனால் எழுத்து எப்போதும் போலத்தான் கோழி கிளறினது மாதிரி இருக்கும், பாவம் உடைந்த கையின் மேல் பழி போடாதே. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் பாதிக் கதையில் நீ சிரித்துவிடுவாய், மீதிப் பாதியை உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள்.

நீ போன மாதம் கேட்டாயே, குழந்தை பிறந்து வேலைக்குத் திரும்பும்போது வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்கிற ஆயா வைக்கலாமா என்று. வை. ஆனால் உன் அக்கா ஜூடித் வைத்திருக்கிற மாதிரி ஆயாவை மட்டும் வைக்காதே. அவளுடைய ஆயா ஒரு பையன், ஜெத்ரோ என்று பேர், ஆறடிக்கு மேல் உயரம், தாடி வேறு. தன் ஆஸ்பத்திரி வேலையில் ஷிஃப்ட் முன்னே பின்னே போகிறது, மகள் ஐவியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வசந்தகாலத்தில் அவனை எடுத்தாள். முதல் நாளே மேஜையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தான், முதலுதவி படித்த சான்றிதழ், போலீஸ் விசாரித்த சான்றிதழ், அப்புறம் ஒரு இன்சூரன்ஸ். அது என்னடா, நீ செத்தால் ஐவிக்குப் பணம் வருமா என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. "இல்ல மிஸ்டர் ஹாட்ச்கிஸ், நான் வேலை செய்யறப்ப என் கவனக்குறைவால யாருக்காவது அடிபட்டா, இல்ல ஏதாவது உடைஞ்சா, நான் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்ட கம்பெனி கொடுக்கும்" என்றான். அது இல்லாவிட்டால் அரசாங்கத்தில் ஆயாவாகப் பதிய முடியாதாம், பதியாத ஆயா வைத்தால் அரசாங்கம் தருகிற உதவி ஜூடித்துக்கு வராதாம். உங்கள் இரண்டு பேரையும் நான் ஒரு இன்சூரன்ஸும் இல்லாமல் வளர்த்தேன். நீ அலமாரி மேலிருந்து குதித்துப் பல்லை உடைத்துக்கொண்ட அன்று யாரும் என்னிடம் சான்றிதழ் கேட்கவில்லை.

சரி, சுற்றி வளைப்பானேன், எனக்கு அவன் மேல் வயிற்றெரிச்சல். ஐவிக்கு நாலு வயசாகிறது, இந்த நாலு வருஷமும் அவளுக்கு நான்தான் ராஜா. இப்போது ரொட்டியைச் சதுரமாக வெட்டிக் கொடுத்தால் ஜெத்ரோ முக்கோணமா வெட்டுவான் என்கிறாள். காதுக்குப் பின்னாலிருந்து காசு எடுக்கிற என் வித்தையைக் காட்டினால், ஜெத்ரோ முழங்கையிலேர்ந்தே எடுப்பான் தாத்தா என்கிறாள். அரை நாள் குனிந்து உட்கார்ந்து அவள் பொம்மைக்குத் தொட்டில் செய்தேன், அதில் அவள் ஜெத்ரோவின் தொப்பியைப் படுக்க வைத்து ஆட்டுகிறாள். கோடையில் ஒருநாள் பூங்காவில் விழுந்தாள், நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன், என்னைத் தாண்டி ஓடி அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். விரித்த கையை என்ன செய்வது, சோம்பல் முறிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். உன் அம்மாவும் கட்சி மாறிவிட்டாள், அவன் சுட்டுக்கொண்டு வருகிற எலுமிச்சை கேக்குதான் காரணம். "எழுபத்தெட்டு வயசுல ஒரு ஆயாவோட போட்டி போடறீங்களே, வெக்கமா இல்ல?" என்று கேட்டாள். போட்டியெல்லாம் இல்லை, அவன் என் உத்தியோகத்தைப் பிடுங்கிக்கொண்டான், அவ்வளவுதான் என்றேன். "அப்ப சம்பளத்தையும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேக் வெட்டிக்கொண்டாள்.

இப்போது மணிக்கட்டுக்கு வருகிறேன். புதன்கிழமை தோறும் நர்சரி விட்டதும் ஜெத்ரோ ஐவியை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவருவான், டீ குடித்துவிட்டுப் போவார்கள். போன மாதக் கடைசியில் ஒரு புதன், மணி அடித்தது, கதவைத் திறந்தேன், யாரும் இல்லை. வேலிக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். சரி, ஒளிந்து விளையாடுகிறார்கள் என்று ஒரு அடி வெளியே வைத்தேன். வாசற்படி முழுக்கக் கொட்டைகள், நீங்கள் சின்ன வயசில் நூலில் கோத்து ஒன்றோடொன்று மோதி உடைப்பீர்களே, பூங்கா மரத்தடியில் உதிர்ந்து கிடக்கிற அந்தப் பழுப்புச் செஸ்நட் கொட்டைகள். கோலிக்குண்டு மேல் கால் வைத்த மாதிரி போய், ரோஜாச் செடியில் பாதியும் தரையில் பாதியுமாகக் கிடந்தேன். ஜெத்ரோ ஓடிவந்தான். வாய் சாரி சாரி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது, கை அதுபாட்டுக்குத் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து என் கையைத் தொங்கவிட்டுக் கட்டுகிறது. ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு நர்ஸ் அவனைப் பாராட்டினாள். உடைந்தது என் கை, பாராட்டு அவனுக்கு.

மறுநாள் பப்புக்குப் போனேன். என் கூட்டாளி பெர்சி, உனக்குத் தெரியுமே, தபால் கொடுத்துக்கொண்டிருந்தவன், தபாலைப் படித்துவிட்டுத்தான் கொடுப்பான் என்று பேர். கதையைக் கேட்டதும் கிளாஸைக் கீழே வைத்தான். "சாரின்னு சொன்னானா? யார் காதால கேட்டாங்க?" என்றான். நான் கேட்டேன், உன் அம்மா கேட்டாள், அடுத்த வீட்டுக்காரியும் கேட்டாள் என்றேன். "அப்ப முடிஞ்சு போச்சு சிரில். தப்பு என்னுதுன்னு அவனே ஒத்துக்கிட்டான். இன்சூரன்ஸ்ல நஷ்டஈடு கேளு" என்றான். இந்த ஊரில் நம் காலை மிதித்தவனுக்கு நாமே சாரி சொல்கிறோம், கதவில் இடித்துக்கொண்டால் கதவுக்கும் சொல்கிறோம், அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. எனக்குப் பணம் பெரிதில்லை ஹெட்டி. ஜெத்ரோ கவனமில்லாதவன் என்று ஒரு கம்பெனியே எழுதிக் கொடுத்தால் ஜூடித் அவனை அனுப்பிவிடுவாள், என் ராஜ்ஜியம் எனக்குத் திரும்பிவரும், இதுதான் என் கணக்கு. அன்று சாயங்காலமே அவனுடைய இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு நஷ்டஈடு கேட்டுவிட்டேன்.

அடுத்த புதன் மேஜையில் பிஸ்கட்டெல்லாம் வைத்துக்கொண்டு காத்திருந்தேன், வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவனும் ஐவியும் எதிர்ப்பக்க நடைபாதையில் போகிறார்கள், ஐவி கையாட்டுகிறாள், அவன் ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். ஜூடித்துக்குப் போன் போட்டேன். அவள் குரலே சரியில்லை. "அப்பா, விஷயம் முடியற வரைக்கும் உங்ககிட்ட இதப் பத்திப் பேசக்கூடாது, சாரி கீரின்னு எதுவும் சொல்லக்கூடாதுன்னு கம்பெனி அவன்கிட்ட சொல்லியிருக்கு. உங்க எதிர்ல வந்து நின்னா அவனால சாரி சொல்லாம இருக்க முடியாது. அதனால வரமாட்டேங்கறான். நான் இல்லாத நாள்ல ஐவியத் தனியா உங்ககிட்ட விடவும் அவனுக்கு மனசு வரல, ஒத்தக் கையோட எப்படிப் பாப்பீங்க?" என்றாள். அப்புறம் இன்னொன்றும் சொன்னாள், மாதக் கடைசியோடு நின்றுவிடுகிறேன் என்று அவன் சொல்லியிருக்கிறானாம். குடும்பத்துக்குள் சண்டை வர நான் காரணமாக இருக்கமாட்டேன் என்றானாம். இதைத்தானே நான் கேட்டேன், கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் ரொட்டியை எந்த வடிவத்திலும் கேட்கவில்லை, உன் அம்மா கேக் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பேசாத உன் அம்மாவைப் பார்த்திருக்கிறாயா நீ, கடிகாரம் நின்றுபோன மாதிரி இருக்கும்.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை ஜூடித்தே ஐவியைக் கூட்டிவந்தாள். குழந்தை வாசலிலேயே நின்றுவிட்டது, படியில் ஏறமாட்டேன் என்கிறது. என்னடி கண்ணு, வா என்று நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள், "தாத்தா, நான்தானே உங்கள உடைச்சேன்?" ஏன் அப்படிக் கேட்கிறாய், அது ஜெத்ரோ பரப்பின கொட்டை அல்லவா என்றேன். இல்லை, எல்லாவற்றையும் அவள்தான் வைத்தாளாம், ஒவ்வொன்றாக, வரிசையாக. எதற்கு என்றேன். "உங்களுக்கு முட்டி வலி, பூங்காவுக்கு வரமுடியாதுன்னு சொன்னீங்கல்ல. அதான் பூங்காவ இங்க கொண்டுவந்தோம்" என்றாள். ஜூடித் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். ஜெத்ரோ அவளிடமும் சரி, கம்பெனிக்காரனிடமும் சரி, நான்தான் பரப்பினேன் என்று சொல்லிவிட்டான், குழந்தையின் பேரை எடுக்கவே இல்லை. இந்தப் பூங்கா யோசனை யாருடையது என்று ஐவியிடம் கேட்டேன், உன்னுடையதா என்று ஆசையாகக் கேட்டேன். "ஜெத்ரோவோடது" என்றாள். என் முட்டி வலியைப் பற்றி நினைத்துப் பார்த்தவனும் அவன், குழந்தையைக் காப்பாற்ற முந்திக்கொண்டவனும் அவன். எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது சொல். நீ உடைக்கலைடி, தாத்தா கால் வைக்கிற இடத்தைப் பார்க்காமல் சிரிப்புச் சத்தத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன், அதனால் உடைந்தது என்றேன். அதற்கப்புறம்தான் படியேறினாள்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போன் போட்டு நஷ்டஈடு வேண்டாம் என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெண் நிதானமாகக் காரணம் கேட்டாள். கீழே விழுந்தது எனக்கு வந்த பரிசின் மேல், பரிசு கொடுத்தவர்களிடம் நஷ்டஈடு கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்றேன். அதோடு மனசு ஆறாமல், அவன் அன்றைக்கே சாரி சொல்லித் தப்பை ஒத்துக்கொண்டான் தெரியுமா என்றும் கேட்டுவைத்தேன். "சாரி சொல்றதே தப்ப ஒத்துக்கறதுன்னா இந்த நாட்டுல ஒருத்தரும் வெளிய நடமாட முடியாது மிஸ்டர் ஹாட்ச்கிஸ். அது வேற, இது வேற. யார் தப்புன்னு நாங்கதான் விசாரிச்சு முடிவு பண்ணுவோம், அதுவரைக்கும் அவங்க வாயத் திறக்க வேண்டாம்னு சொல்றோம்" என்றாள். பெர்சிக்கு இது தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. போனை வைக்கும்போது உங்களுக்கு இவ்வளவு சிரமம் ஆனதற்கு சாரி என்று அவளே சொன்னாள்.

அந்தப் புதன்கிழமை மணி அடித்தது. ஜெத்ரோ படிக்குக் கீழேயே நின்றான், குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாயைத் திறக்கப் பயந்து நிற்கிறான். எல்லாம் முடிந்துவிட்டது, இப்போது சொல்லலாம் என்றேன். அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி வந்தது. படிக்கு ஒரு சாரி, கைக்கு ஒரு சாரி, ரோஜாச் செடிக்கு ஒரு சாரி. அவன் முடிப்பதற்குள் என் வாயிலிருந்தும் ஒன்று விழுந்துவிட்டது, உன் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன், அதற்கு சாரி என்று. உன் அம்மா உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொல்லி முடிச்சாச்சுன்னா உள்ள வாங்க, டீ ஆறுது" என்றாள். மாதக் கடைசியில் போகமாட்டாய் அல்லவா என்று கேட்டேன். "நீங்க திட்டாம இருந்தா போரடிக்கும் மிஸ்டர் ஹாட்ச்கிஸ், இருக்கேன்" என்றான். திமிரைப் பார். பிடித்திருந்தது, ஆனால் அவனிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

டீ முடிந்ததும் ஐவி கலர் பேனாக்களைக் கொண்டுவந்து என் மாவுக்கட்டில் படம் போட உட்கார்ந்தாள். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு வெகுநேரம் போட்டாள். திருப்பிப் பார்த்தால் ஜெத்ரோ, தாடியோடு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் நிற்கிறான், பக்கத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஐவி, ஒரு ஓரத்தில் பாட்டி. என் கையில், என் செலவில், என் உடைந்த எலும்பின் மேல். எனக்குச் சுருக்கென்றது. தாத்தா எங்கேடி என்றேன். ஒன்றும் தெரியாதவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். மாவுக்கட்டை விரலால் தட்டினாள். "இதுதான் நீங்க. நாங்க எல்லாரும் உங்க மேல நிக்கறோம்" என்றாள். கேக் தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் கட்டை வெட்டி எடுக்கிறார்கள், குப்பையில் போடாமல் என்னிடமே தரவேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டேன். தாடி இருக்கிற பக்கத்தை மட்டும் வெட்டிவிட முடியுமா என்று நர்ஸிடம் கேட்டுப்பார்க்க வேண்டும்.

நீ ஆயா வைக்கும்போது முதலுதவி தெரியுமா, இந்த மாதிரி இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கட்டாயம் கேள். கேக் சுடத் தெரியுமா என்றும் கேள், தெரியும் என்றால் உன் மாமனாரை எச்சரித்து வை. கனமானது எதையும் தூக்காதே, ராத்திரி நேரத்தோடு படு. மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். நீயும் அவரும் வரப்போகிற சின்னதும் நோய் நொடி இல்லாமல் சிரித்துக்கொண்டே நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். ஒன்றை மறக்காதே, குழந்தை பிறந்ததும் முதல் போட்டோ எனக்குத்தான் வரவேண்டும், ஜூடித்துக்கு அனுப்பினால் எனக்கு முன்னால் ஜெத்ரோ பார்த்துவிடுவான்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா,
சிரில் ஹாட்ச்கிஸ்