ஏழு பேருக்கு ஒரு பனை நிழல்

அக்கா,

முனியம்மா, அஞ்சலை, குப்பு, வசந்தா, சரோஜா, நான், நீ. அன்றைக்கு ஏரியில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்கள் இந்த ஏழு பேர். வயசு வரிசையில் சொல்லவில்லை. காலை பத்து மணிக்கு அந்த ஒற்றைப் பனைமரத்தின் நிழலில் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக உட்கார்ந்திருந்த வரிசை இது. அடிமரத்தை ஒட்டி முனியம்மா, கடைசியில் நீ. இன்னொருத்தி கவிதா, வேலையை மேற்பார்த்த பெண். போட்டோ எடுத்தவள் என்பதால் போட்டோவில் அவள் இல்லை.

அந்தப் போட்டோ இப்போது என் கையில் இருக்கிறது. கவிதாவுக்குக் கல்யாணம். வேலையை விட்டுப் போகிறவள், போனில் கிடந்த படங்களை அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பேத்தி அதைத் தியாகதுருகத்தில் ஒரு கடையில் கொடுத்துத் தாளில் போட்டுக்கொண்டு வந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள், பாவம். நடுவில் நீ. உன் ஒரு கையை முனியம்மா பிடித்திருக்கிறாள், மறு கையை நான். பார்க்கிறவர்களுக்குச் சிநேகிதிகள் கை கோத்து நிற்பது போல இருக்கும். உன் கண் பாதி மூடியிருக்கிறது. நம் காலடியில் ஒரு சாண் கறுப்பு, அவ்வளவுதான் நிழல். அதற்கப்புறம் ஒரு மணி நேரம்கூட நீ இல்லை. வெயில் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

மூன்று வருஷமாகிறது. இப்போது மாசிதான் நடக்கிறது, அதற்குள் தெருக்குழாய்த் தண்ணீர் கையைச் சுடுகிறது. நாளையிலிருந்து அதே ஏரியில் வேலை. என் மருமகள் அமுதா போகிறாள். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை எனக்கு. அஞ்சாவதோடு நின்ற எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

அந்தக் கரை முன்னே எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். கரை நெடுகப் புங்கன், பூவரசு. தண்ணீருக்குள் கருவேலம். பங்குனியில் புங்கன் பூத்தால் மரமே முனகுகிற மாதிரி தேனீ இரையும். கருவேலங் கிளையில் தூக்கணாங்குருவிக் கூடுகள் ஆடும். பூவரசம் பொந்தில் ஓர் ஆந்தை பகலெல்லாம் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். “மேஸ்திரி முழிச்சுக்கினாருடி, வேலைய பாருங்க” என்று நீ சொல்லாத நாளில்லை.

நீ போவதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரே சமயத்தில் இரண்டு வேலை வந்தது. குழி வெட்டி மண் எடுப்பது ஒன்று, கரையில் புதர் வெட்டிச் சுத்தம் செய்வது ஒன்று. மரமும் புதரில் சேர்த்தியா என்று யாரும் கேட்கவில்லை. எந்த வேலை வேண்டும் என்று நம்மைத்தான் கேட்டார்கள். மண்வெட்டியைவிடக் கொடுவாள் லேசு. முதலில் கை தூக்கியவள் நான்.

“நெழல வெட்டிப்புட்டு எங்கடி குந்துவ, பச்ச?” என்று கேட்டாய்.

“குந்தறதுக்கா நமக்குக் கூலி குடுக்கறாங்க?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், சிரித்துவிட்டுக் கொடுவாளை எடுத்தாய்.

நாலு நாளில் கரை மொட்டையானது. பனையை மட்டும் விட்டோம், அதற்கு நம் கொடுவாள் பத்தாது. மரமெல்லாம் லாரியில் செங்கல் சூளைக்குப் போனது. கிழக்கே புகை எழும்பியபோது, “அது நம்ம புங்கன்டி” என்றாய். விழுந்த கிளைகளிலிருந்து முட்டையோடு இருந்த இரண்டு கூடுகளைப் பொறுக்கி, பக்கத்து மாந்தோப்பின் கம்பிவேலியில் கட்டினாய். குருவிகள் இரண்டு நாள் கத்திக்கொண்டு சுற்றின, மூன்றாம் நாள் காணவில்லை. ஆந்தை எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

அப்புறம் அந்தச் சித்திரை. வெயிலுக்குப் பயந்து ஆறு மணிக்கே இறங்கி, பத்து மணிக்கெல்லாம் குழியை முடித்துவிட்டோம். ஆனால் வீட்டுக்குப் போக முடியாது. காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு போட்டோ, இரண்டிலும் முகம் இருந்தால்தான் வேலைக்கு வந்ததாக அர்த்தம். மூன்று மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். இருக்க அந்தப் பனை நிழல்தான். தண்டின் நிழலில் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக உட்கார்ந்தோம்.

சித்திரையில் சூரியன் உச்சிக்கு ஏற ஏற நிழல் மரத்துக்குள்ளேயே போய்விடும். வால் பக்கத்திலிருந்து ஒவ்வொருத்தியாக வெயிலுக்கு வந்தோம். முதலில் நீ. பதினொன்றரைக்கு மிஞ்சியது பனந்தலையின் நிழல் மட்டும், அதுவும் ஓலை கழித்த பனை. நாலு தலைக்குத்தான் இடம். மாற்றி மாற்றி உட்காரலாம் என்று முனியம்மா தீர்ப்பு சொன்னாள். ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம் ஒருத்திக்கு.

“ஏ வசந்தா, மாடு கூட இவ்ளோ நேரம் அச போடாது, துப்புடி” என்று நீ விரட்டியது நினைவிருக்கிறது.

என் முறை முடிந்தது. அடுத்தது நீ. என் தலைக்கு மேல் வந்து நின்றாய்.

“முட்டி புடிச்சுக்கிச்சுக்கா, எந்திரிக்க முடியல” என்றேன்.

“சரி, குந்து. நான் இன்னா வெயிலு காணாதவளா” என்றாய்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெட்டவெளியில் நின்றாய். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், உன் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. எங்களுக்கெல்லாம் ஊற்றுகிறது, அக்காவுக்கு வேர்க்கவே இல்லை, கல்லு உடம்பு என்று பேசிக்கொண்டோம். வேர்வை நின்றால் உடம்பு உள்ளே வேகிறது என்று எங்களுக்குத் தெரியாது.

அப்போதுதான் கேட்டாய். “போர்வைய எடுடி பச்ச, குளுருது. வெள்ளிமல வந்துடுச்சா?”

“அக்கா டிக்கெட் இல்லாமலே மல ஏறிட்டாங்க” என்றாள் வசந்தா. அதற்கும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. உன் கையைத் தொட்டேன், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி இருந்தது. குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைத் தலையில் ஊற்றினோம். அதுவும் வெந்நீர்தான்.

“ஒரு மணிக்கு முன்னாடி எடுத்தா போட்டோ ஏறாதுங்கக்கா. இன்னும் அர அவருதான்” என்றாள் கவிதா. அழுகிற குரலில் சொன்னாள். அரை மணி நேரம்தானே, நின்றுவிடுவாள் என்று நாங்களும் சொன்னோம். ஒருநாள் வேலை உனக்கு வீணாகக் கூடாதே என்றுதான், இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தி அந்தப் போட்டோ எடுத்தோம். எடுத்து முடித்ததும் நீ மடங்கினாய்.

மாந்தோப்பு வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இருட்டு மாதிரி நிழல் உள்ளே. வாசலில் பூட்டு. சாவி முதலாளியிடம் என்றான் காவல்காரன். போன் போட்டான். தோப்புக்காரர் சுந்தரத்தின் குரல் வெளியே கேட்டது. “ஆள வுட்டா காயி தங்காதுப்பா. வூட்டாண்ட தூக்கினு போவச் சொல்லு.”

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது உன் கை என் மடியில் இருந்தது. அது விட்டுப்போனது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. ஆட்டோக்காரனிடம் சொல்லவில்லை. சொன்னால் மெதுவாக ஓட்டுவானோ என்று பயம்.

வெள்ளிமலையை நீ ஏன் கேட்டாய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நமக்குச் சின்ன வயசு, மரவள்ளி பிடுங்க மலைக்குப் போனோமே. அதுவும் ஒரு சித்திரைதான். விடியும்போது பல் கிட்டிக்கும். அந்த வீட்டம்மா கொடுத்த ஒரே போர்வைக்குள் இரண்டு பேரும் சுருண்டிருந்தோம். “கீழ வெயிலு தாங்கலன்னா இங்க ஓடியாந்துடலாம்டி, மல எங்க போவப் போவுது” என்றாய்.

போன சித்திரையில் அதை நம்பித்தான் பஸ் ஏறினேன். மலை அங்கேயேதான் இருக்கிறது, அக்கா. குளிர்தான் இல்லை. அந்த வீட்டம்மா கிழவியாகி, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுப் பின்னால் ஓடின ஓடையில் கல்தான் கிடந்தது. எதிர்ச் சரிவில் காடு எரிந்துகொண்டிருந்தது, உண்ணிச்செடி மண்டிய இடமெல்லாம் நெருப்புக் கோடு. கொடியில் காய்ந்த துணியில் சாம்பல் வந்து உட்கார்ந்தது. நான் வந்த காரியத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டார், “கீழ ஒங்க ஊர்ல எப்டி இருக்குது? இங்க தாங்கல. அங்க வந்துடலாமான்னு பசங்க பேசிக்கினு இருக்காங்க.”

அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். ஓடிப்போக ஓர் இடம் இருக்கிறது என்கிற தைரியத்தில்தானே அவ்வளவு நாள் இருந்தேன்.

பேத்தி பாடம் படிக்கும்போது கேட்டுக்கொண்டிருப்பேன். புகையும் வாயுவும் மேலே போய்த் தங்கி, பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறதாம். “புரியுதா ஆயா?” என்றாள். புரியாமல் என்ன? நீயும் நானும் நெல் அவித்தவர்கள். அண்டா மேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடினால் உள்ளே நெல் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அதையே அவளிடமும் சொன்னேன். “அந்தச் சாக்க யாரு ஆயா போட்டது?” என்று கேட்டாள். பெரிய பெரிய ஊர்களின் ஆலையும் வண்டியும் என்று அவள் புத்தகத்தில் இருக்கிறது. இருக்கட்டும். கிழக்கே எழும்பிய நம் புங்கன் புகையும் அதில் ஒரு நூலாவது இருக்கும். அந்த நூல் என் கை போட்டது.

என் வன்மம் உனக்குத் தெரியும். பொங்கலுக்கு எனக்குக் கரும்பு தராத நாத்தனாரோடு இருபது வருஷம் பேசாமல் இருந்தவள் நான். மரத்தையும் புதர் என்று எழுதி அனுப்பியவன் யாரென்று தெரியாது, தெரியாமலே அவனைத் திட்டினேன். கவிதாவைப் பார்த்தால் முகம் திருப்பிக்கொண்டேன். போன வாரம் பத்திரிகை வைக்க வந்தவள், உன் பெயரைச் சொல்லி வாசலிலேயே அழுதாள். அவளும் நம்மைப் போல ஒரு கூலிக்காரி. விட்டுவிட்டேன்.

சுந்தரத்தை மட்டும் விடவில்லை. அந்தத் தோப்பு கருகுகிறதைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இந்தத் தை மாசம் அது நடந்தது. பூவெல்லாம் கருகிக் கொட்டிவிட்டது. வேலிக்குள் நின்றுகொண்டு அவராகவே என்னிடம் பேசினார். “ஒண்ணும் நிக்கலம்மா. இந்தத் தடவ ஒரு தேனீ கூட வர்ல.”

எனக்குச் சந்தோஷம் வர வேண்டும், வரவில்லை. தேனீ இருந்தது நம் கரைப் புங்கனில்தானே. காய்க்காத தோப்பை அவரும் வெட்டிவிட்டால், பூட்டிக் கிடக்கிற அந்த நிழலும் போய்விடும், அமுதா எங்கே உட்காருவாள்? பனையின் தலையும் இந்த வருஷம் சாய்ந்துவிட்டது, குருத்து காய்ந்து நிற்கிறது. கரையில் இரண்டு பூவரசங் கிளையைப் போத்தாக வெட்டி நட்டு, தினம் இரண்டு குடம் ஊற்றுகிறேன். ஒன்றுதான் துளிர்த்திருக்கிறது, என் முழங்கால் உயரம். அது நிழல் தர இன்னும் எத்தனையோ வருஷமாகும். எனக்கு நாளைக்கு வேண்டும்.

நாளைக்கு அமுதாவோடு நானும் போவேன். குடை ஒன்று, ஈரத்துணி சுற்றிய குடம் ஒன்று. அவளுக்கு வேர்க்கிறதா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். வேர்வை நின்றால் போட்டோவாவது ஒன்றாவது, இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். அன்றைக்கு எனக்கு முட்டி வலி இல்லை. எழுந்திருக்க மனசில்லை, நிழல் அவ்வளவு சுகமாக இருந்தது. நீ நம்பி வெயிலில் நின்றாய்.

போட்டோவில் உன் இடது கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, மற்றவர்கள் முகமெல்லாம் கன்றிக் கிடக்க, முகம் வாடாமல் ஒருத்தி. அவள் பெயர் பச்சையம்மா. அவளை நான் மன்னிக்க மாட்டேன்.