நுரை அடங்கும் நேரம்

நாள் 143. காலை 6.10
படிவத்தின் முதல் கேள்விக்கு: இல்லை, இளமையாக உணரவில்லை. தினமும் இதே பதில்தான். எடை 54. காய்ச்சல் இல்லை.
கைவிடப்பட்ட சுரங்கத்தில் நானும் செபஸ்தியானும். ஆளுக்கொரு அறை. இருவருக்கும் ஒரே காற்று, ஒரே கதவு. ஒருவர் உடலில் முதுமையைத் தடுக்கும் மருந்து. மற்றவர் உடலில் வெறும் உப்புநீர். யாருக்கு எது என்ற பட்டியல் வெளியே, ஒட்டிய உறைக்குள். மருந்து ஏறிய உடலில் இருநூறு நாள் நோய் எதிர்ப்பு இருக்காது. அதுவரை கதவு திறக்கக் கூடாது. விதி என்னுடையது.

காலை 9.40
செபஸ்தியான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இன்டர்காமில் குரல் மெலிந்திருந்தது. “டாக்டரம்மா, வலப்பக்கம் அடிவயிறு இழுத்துப் பிடிக்கு. உங்க சமையல்னு சொல்லலாம்னா, பாக்கெட்டைத்தானே பிரிக்கிறோம்.”
போய் அழுத்திப் பார்த்தேன். குடல்வால் அழற்சி.

காலை 11.05
வெளியிலிருந்து நிகார், என் இணை ஆய்வாளர்: “மேடம், வேற வழியில்லாம உறையைப் பிரிச்சுட்டோம். மருந்து அவருக்குத்தான். வெளியே கொண்டுவந்து வயித்தைத் திறந்தா பிழைக்க மாட்டார். ஆன்டிபயாடிக் போடுங்க. கதவு வேண்டாம்.”
இன்டர்காமில் அவரும் கேட்டிருந்தார். “எனக்கா? குலுக்கல்ல ஒரு எவர்சில்வர் டம்ளர்கூட விழாத ஆளு நான். வீட்ல சொல்லிராதீங்க. இன்னும் நாப்பது வருசமான்னு பயந்துருவா.”

நாள் 144. காலை 7.00
அவருக்குக் காய்ச்சல் 103. வயிறு பலகையாக இறுகிவிட்டது; குடல்வால் வெடித்திருக்கிறது.
இதைக் கண்டெடுப்பவருக்கு: அந்தப் பட்டியல் தவறு.
இந்த மருந்தோடு பத்தொன்பது வருடம் இருந்தவள் நான். குப்பியைக் குலுக்கினால் நுரைக்கும், அடங்க நேரமாகும். உப்புநீரில் நுரை நிற்காது. முதல் ஊசிக்கு முன் இரண்டையும் குலுக்கிப் பார்த்தேன். அவர் குப்பியில் நுரை நின்றது. லேபிள்களை மாற்றி ஒட்டினேன்.
முதுமை தலையெழுத்தல்ல, தீர்க்கக்கூடிய நோய் என்று ஊர் ஊராகப் பேசியவள். உப்புநீரோடு வெளியே வர மனம் ஒப்பவில்லை.

காலை 7.25
கதவைத் திறந்தால் அவருக்கு அறுவை சிகிச்சை. நான் சாக யாருடைய தும்மலும் போதும். திறக்காவிட்டால் மதியம் தாண்டமாட்டார். நான் எண்பது வயதிலும் நாற்பத்துநான்காக இருப்பேன். ஒருவருக்கும் தெரியாது.
 

காலை 7.40
தண்ணீர் கேட்டார். கொடுக்கக் கூடாது. பஞ்சால் உதட்டை நனைத்தேன்.
“உங்க மருந்தை வீணாக்கிட்டேனே, டாக்டரம்மா.”
அவர். என்னிடம்.

காலை 7.52
நிகாரிடம் சொன்னேன். லேபிள், நுரை, எல்லாம்.  பதில்: “பத்தொன்பது வருசம், மேடம்.” பிறகு: “உங்களுக்குப் பாதுகாப்பு உடை வர மூணு மணி நேரமாகும். பொறுங்க. ப்ளீஸ்.”
செபஸ்தியானின் நாடியை எண்ணினேன். விட்டு விட்டு வந்தது. மூன்று மணி நேரம் தாங்காது.
ஆம்புலன்ஸை வாசலுக்கு வரச் சொன்னேன். தலைப்பக்கம் முன்னே போகும்படி கட்டிலைத் திருப்பினேன். கதவைத் திறந்து தள்ளினேன்.